பூச்சு மட்டும் போதுமா?

கிள்ளானில் எங்கள் வீட்டருகே உள்ள சாலைக்குப் புதுத் தார் போட்டால் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் மகிழ்ச்சி. அம்மா மட்டும், "எத்தன மாசத்துக்கு?" என்பார். அவர் கேட்பதில் தவறில்லை. பழைய விரிசல் இருந்த அதே இடத்தில் புதிய விரிசல் தலைகாட்டும். மழைக்காலத்தில் அது குழியாகும். ஈராண்டுகளுக்கு முன் அத்தகைய குழியொன்றில்தான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சரிந்தது. கை முறிந்ததோடு தப்பினார். எல்லாருக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே.

விரிசல் ஏன் திரும்பி வருகிறது? தார்க்கலவை அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கனத்த சக்கரம் ஏறும்போதெல்லாம் அடியிலுள்ள பழைய விரிசலின் இரு ஓரங்களும் அசைகின்றன. அந்த அசைவு மேலே போட்ட புதுப் பூச்சையும் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை ஓர் உண்மையைக் காட்டியது. அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது. கிள்ளான் துறைமுகத்திற்கு இரவு பகலாக ஓடும் கொள்கலன் லாரிகளை நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, கிள்ளானின் பல பகுதிகளில் அடிநிலம் மென்மையான களிமண்.

இத்தகைய சாலைகளுக்கு எஃகு வலை ஒரு நல்ல தீர்வு என்பது என் கருத்து. துத்தநாகம் பூசிய கம்பிகளை முறுக்கிப் பின்னிய வலையைப் பழைய சாலையின்மேல் பாயைப்போல் விரித்து, தட்டையாக்கி, அசையாமல் பொருத்தி, அதன்மேல் தார்க்கலவையை இடுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை இங்கே வலை செய்கிறது. விரிசலின் ஓரங்கள் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1950களில் முயன்று, விரிப்பது கடினம் என்று கைவிடப்பட்ட இம்முறை, 1980களில் ஐரோப்பாவில் புதுவகை வலையோடு மீண்டும் வந்தது. பெல்ஜியத்தில் விரிசல் கண்ட பழைய கான்கிரீட் சாலைகளுக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால், எல்லாச் சாலைக்கும் இது பொருந்தாது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனை எடுத்துக்கொள்வோம். கடைகள் நெருங்கிய இதுபோன்ற நகரச் சாலைகளின் அடியில் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. பழுதுபார்க்கத் தோண்டும்போதெல்லாம் வலையை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் வலைக்கு வலுவில்லை. பின்னர் தாரைச் சுரண்டி எடுக்கும்போதும் வலை இயந்திரத்தின் பற்களில் சிக்கும்.

மேலும், அடித்தளம் இளகிக் கிடந்தாலும் வடிகால் அடைத்துக்கொண்டிருந்தாலும் எந்த வலையும் காப்பாற்றாது. 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியை விழுங்கியதை நாம் மறக்கவில்லை. மேலே நன்றாகத் தெரியும் தரையின் அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

ஆகவே, முதலில் வடிகால், அடுத்து அடித்தளம், அதன்பின் லாரிகள் ஓடும் சாலைகளுக்கு வலை, கடைசியில்தான் தார் என்ற வரிசை வேண்டும். செலவு கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால், அதே சாலைக்கு மீண்டும் மீண்டும் தார் போடும் செலவையும், மருத்துவமனைச் செலவையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

என் தாத்தா பொதுப்பணி இலாகாவில் சாலைத் தொழிலாளியாக இருந்தவர். "மேல பூசுறது ரோடு இல்லடா, அடியில போடுறதுதான் ரோடு" என்று சொல்வார். நான் அதைப் பொறியியல் வகுப்பில் அமர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். நண்பர்களே, அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் சாலை போட வரும்போது பளபளப்பைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். "அடியில் என்ன செய்தீர்கள்?" என்று நகராண்மைக் கழகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.