ஒரு கஞ்சாச் சுருட்டும் ஒரு பாடகனின் வாழ்வும்

"போதையால் கெட்டான், அது அவன் செய்த வினை!" அமெரிக்க ராக் பாடகர் ராக்கி எரிக்ஸனைப் பற்றிச் சிலர் கூறும் தீர்ப்பு இது. இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

டெக்ஸாஸ் மாநிலத்தில் 1947-ல் பிறந்தவர் எரிக்ஸன். 1966-ல் அவர் எழுதிப் பாடிய பாட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 55-ஆம் இடம் பிடித்தது. அவரது குழு எல்.எஸ்.டி. போதையைப் புகழ்ந்தது உண்மை. அதை நாம் ஆதரிக்கவில்லை. போதை உழைப்பவன் குடும்பத்தை என்ன செய்யும் என்பதை மதுக்கடை வாசலில் அன்றாடம் பார்க்கிறோம்.

ஆனால் நடந்தது என்ன? 1968-ல் அவருக்கு மனநோய் என்று மருத்துவர்களே கூறிவிட்டார்கள். அந்த நோயாளியை 1969-ல், ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகக் கைது செய்தார்கள். பத்தாண்டுச் சிறை என்று சட்டம் மிரட்டியது. சித்த சுவாதீனம் இல்லை என்று வாதாடினார். சிறை தப்பியது, காவல் தப்பவில்லை. ரஸ்க் என்ற ஊரின் அரசு மனநோய் மருத்துவமனையில், கொலைக் குற்றவாளிகளோடு 1972 வரை அடைத்து, மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். இதற்குப் பெயர் வைத்தியமா?

பாட்டுத் தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. பாடியவரோ பல ஆண்டுகள் வறுமையில் கிடந்தார். பாடுவதும் உழைப்புதான்; உழைத்தவனுக்குக் கூலி எங்கே?

2001-ல் அவரது தம்பி சட்டப்படி பொறுப்பேற்றார். முறையான மருந்தும் வக்கீலின் உதவியும் கிடைத்தன. எரிக்ஸன் மீண்டும் மேடையேறினார். 2019-ல் மறையும்வரை பாடகராகவே மதிக்கப்பட்டார்.

தம்பி ஒருவர் செய்ததை, உலகிலேயே பெரிய செல்வந்த நாடு முப்பதாண்டுகள் ஏன் செய்யவில்லை? "அவன் வினை" என்போர் இதற்குப் பதில் சொல்லட்டும்!