ஸ்கிம்மர் பெட்டியில் எழுதாத கணக்கு

வத்தளையில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், பேச்சு ஸ்கிம்மரில்தான் போய் நிற்கும். எந்தக் கம்பனி, என்ன விலை, எத்தனை லீற்றருக்குக் காணும்? என் கட்சி வேறு. பெட்டியில் அச்சடித்திருக்கும் லீற்றர்க் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் நம்முடைய கரண்டைப் பாருங்கள்.

ஸ்கிம்மர் உப்புநீருக்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடித்து விடுகிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரையும் பொருள்கள் அந்தக் குமிழிகளில் ஒட்டி, நுரையாக ஏறி, மேலேயுள்ள கிண்ணத்தில் வழிந்து விழும். அழுகி அமோனியாவாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாறுவதற்கு முன்பே அழுக்கு வெளியே போய்விடுகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் உஸ்வெட்டகெய்யாவக் கரையில் ஒதுங்குகிற நுரை பிறப்பதும் இதே விதியில்தான். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். ஆகவே கோல்ட் ஃபிஷ் தொட்டிக்கு இந்தச் செலவு வேண்டாம்.

கிண்ணத்தில் சேர்வது கடும் பிளேன்டி நிறத்தில் இருந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. வெளிறிய தண்ணீர் மளமளவென்று நிரம்பினால், உள்ளே நீர்மட்டம் அதிகம். அந்தக் கிண்ணத்தின் நாற்றம் தனி ரகம். குசினிக்குள் கொண்டுவர என் மனைவி விடமாட்டா. பின்வளவுக் குழாயடிதான் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம். அதில் நியாயம் அவ பக்கம்தான்.

'ஆயிரம் லீற்றர் வரை' என்று பெட்டியில் போடுவதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. பெரும்பாலும் அது மீன் குறைந்த தொட்டிக்கான கணக்கு. எதற்கும் இருக்கட்டுமென்று மிகப் பெரியதை வாங்குவதும் புத்தியல்ல. இரண்டு கோமாளி மீன் ஓடுகிற 200 லீற்றர் தொட்டியில், பெரிய ஸ்கிம்மர் நுரை கட்டுவதற்கு அழுக்கே போதாது. நுரை கழுத்துவரை ஏறும், கிண்ணத்தை எட்டாமல் இறங்கும். மீன் எத்தனை, தீனி எவ்வளவு என்று பார்த்து நடுத்தரமானதை வாங்குங்கள்.

இனிக் கரண்டுக்கு வருவோம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். மீன் வளர்த்த எவரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். கரண்ட் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியான சம்பில் இறங்கி மட்டம் உயரும். திரும்ப வந்ததும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்திலேயே ஓடத் தொடங்கும். கிண்ணம் பொங்கி, நாள்கணக்கில் சேர்ந்த அழுக்கெல்லாம் தொட்டிக்கே திரும்பிவிடும். ஆகவே கிண்ணத்தின் அடியில் குழாய் பூட்டித் தனிக் கலனுக்கு வடிக்கக்கூடிய மாதிரியைக் கேளுங்கள். பற்றரியில் ஓடக்கூடிய 24 வோல்ற் மோட்டார் என்றால் இன்னும் நல்லது. மின்வெட்டில் மீனை முதலில் கொல்வது ஒட்சிசன் குறைவு. தண்ணீரில் காற்றைக் கலக்கிற கருவி ஓடிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய உதவி.

நம் ஊர் வெக்கையும் கணக்கில் சேரும். தண்ணீர் சூடேற ஏற அதில் ஒட்சிசன் குறையும். தண்ணீருக்குள் ஓடும் மோட்டார் தன் பங்குக்கும் சூடேற்றும். எனவே குறைந்த வோட்டில் ஓடுவதைத் தேடுங்கள். கடல்நீர் சூடேறினால் முருகைக்கல்லுக்கு என்ன நடக்கும் என்பதை 1998இல் ஹிக்கடுவை காட்டியது: அங்கே பெரும்பகுதி வெளிறிச் செத்தது. தொட்டிக்கென்று நம் கடலிலிருந்து உயிருள்ள கடின முருகைக்கல்லைப் பெயர்த்து வருவது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நம் கடல் மீன்கள் கட்டுநாயக்கவில் விமானமேறி வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகின்றன. அவற்றை இங்கே வளர்க்க வேண்டிய கருவி கடல் கடந்து வரவேண்டியிருக்கிறது. இறக்குமதி இறுகினால் முதலில் கிடைக்காமல் போவது உதிரிப்பாகம். குமிழியை உடைத்து நுண்ணியதாக்கும் அந்த முள்ளுச் சக்கரம் சுண்ணாம்பு பிடித்துத் தேயும். கை விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டு இல்லாவிட்டால் முழு ஸ்கிம்மரும் வெறும் பிளாஸ்டிக் குழாய்தான்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெட்டியை அடுக்கி வைக்காமல், ஒன்றையாவது உப்புநீரில் ஓடவிட்டுக் காட்டுங்கள். வாங்குபவர்களுக்கும் ஒன்று: "சக்கரம் தனியா எடுக்கலாமா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு பெயர்போன கம்பனி என்றாலும் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.