வியாசருக்கும் வந்த சோர்வு

குறை ஏதும் இல்லாத வாழ்விலும் மனம் களைத்துப் போவதுண்டு. ஸ்ரீமத் பாகவதம் தன் தொடக்கத்திலேயே இதனைப் பேசுகிறது. அதுவும் அந்நூலை அருளிய வேதவியாசரைப் பற்றியே பேசுகிறது.

வேதங்களை நான்காக வகுத்துப் பைலர், வைசம்பாயனர், ஜைமினி, சுமந்து ஆகியோரிடம் ஒப்படைத்தவர் வியாசர். வேதம் ஓதும் வாய்ப்பில்லாதோரும் அறத்தை அறிய வேண்டும் என்னும் கருணையால் மகாபாரதத்தையும் இயற்றினார். ஆயினும் ஒருநாள் சூரியோதய வேளையில் சரஸ்வதி நதிக்கரையில் தனித்து அமர்ந்திருந்தபோது அவர் உள்ளத்தில் நிறைவில்லை. விரதங்களில் குறைவில்லை, குருமார்களையும் அக்கினியையும் போற்றியதில் பிழையில்லை. பின் எதனால் இந்த வெறுமை? காரணம் புலப்படவில்லை.

அவ்வேளையில் வீணையுடன் நாரதர் வந்தார். உடலும் உள்ளமும் நலந்தானா எனப் புன்முறுவலுடன் வினவினார். நலமே என்று கூறி வியாசர் அப்பேச்சை முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், எல்லாம் இருந்தும் மனம் நிறையவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, மறைந்திருக்கும் அதன் மூலத்தைக் கூறியருள வேண்டினார்.

இல்லங்களிலும் இந்நிலை உண்டு. பிள்ளைகள் நிலைபெற்றுவிட்டனர்; பேரக்குழந்தைகள் வளர்கின்றனர்; ஓய்வூதியமும் வருகிறது. ஆனால் பல்லாண்டுகளாகக் குடும்பத்தைத் தாங்கிய நெஞ்சு, கோடையில் கிணற்று நீர் இறங்குவது போல, பிறர் அறியாமல் வற்றுகிறது. கை விளக்கேற்றுகிறது, உதடு நாமத்தை எண்ணி முடிக்கிறது, மனமோ அங்கில்லை. சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. இவ்வளவு கொடுத்த இறைவனிடம் இன்னும் என்ன குறை சொல்வது என்ற கூச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. சோர்வு நன்றிகெட்ட தன்மையன்று. அப்படியாயின் வியாசருக்கு அது வந்திராது.

நாரதர் சொன்ன மருந்து எளியது. அறம் முதலியவற்றை விரித்துரைத்த அளவுக்கு வாசுதேவனின் பெருமையை வியாசர் பாடவில்லை என்றார். கடமைகள் நிறைவேறின, உள்ளம் உருகிச் செய்ய வேண்டிய ஒன்று எஞ்சியிருந்தது. அதன் பின்னரே இலந்தை மரங்கள் சூழ்ந்த தம் ஆசிரமத்தில் வியாசர் மனம் ஒன்றி அமர்ந்தார். 12 ஸ்கந்தங்களும் 18,000 சுலோகங்களும் கொண்ட பாகவதம் பிறந்தது.

ஆகவே களைத்த மனத்தின்மேல் மேலும் ஒரு நியமத்தை ஏற்றுதல் தகாது. 108 முறை எண்ணி முடிப்பதைவிட, மனம் தோய்ந்து 11 முறை சொல்வது அந்நாளுக்குப் போதும். ஆலயத்திலும் உச்சிக்கால பூஜைக்குப் பின் நடை சாத்தப்படுகிறது. இரவில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். அதனைச் சேவிப்போர் தம் உடலுக்கு மட்டும் ஓய்வை மறுக்கலாகாது. சுமையில் ஒரு பங்கை மகனிடமோ மருமகளிடமோ கேட்டு மாற்றிக்கொள்ளலாம். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் குன்றினால் மருத்துவரிடம் சொல்வதே முறை. மூலம் புலப்படாதபோது அறிந்தவரைக் கேட்பது வியாசர் காட்டிய வழி.

பிராகாரத்தில் எதிர்ப்படுவோரை நலமா என்று கேட்பது அனைவர்க்கும் வழக்கம். கேட்ட பின் சற்றே நின்று, வரும் விடையைச் செவிமடுப்பது நாரதர் செய்த தொண்டு.