இத்தாலிய வினைத்திரிபும் தமிழ் மாணவரும்

இத்தாலிய வினைகளைத் தமிழ் மாணவர்க்கு ஆங்கில வழியே கற்பித்தல் வேண்டாத சுற்றுவழி. 'பார்லோ' (பேசுகிறேன்), 'பார்லி' (பேசுகிறாய்), 'பார்லியாமோ' (பேசுகிறோம்) என விகுதியே இடமும் எண்ணும் உணர்த்துதலின், எழுவாய் தோன்றாமலே தொடர் நிறைவுறும். தமிழர்க்கு இது புதிதன்று. இடர்ப்பாடு பாலில்தான் உள்ளது. தமிழில் படர்க்கை வினை பால் காட்டும், 'சென்றேன்' காட்டாது. இத்தாலியத்திலோ 'பார்லா' எனும் படர்க்கை நிகழ்கால வினை ஆண், பெண் இருபாற்கும் பொது. 'சென்றேன்' என்பதை மட்டும் ஆடவர் 'சோனோ அந்தாத்தோ' எனவும் பெண்டிர் 'சோனோ அந்தாத்தா' எனவும் கூறுவர். 'எஸ்ஸெரே' துணைவினை ஏற்கும் வினைகளுக்கே இவ்வியல்பு உண்டு. 'அவேரே' ஏற்கும் 'ஓ பார்லாத்தோ' (பேசினேன்) இருபாலார்க்கும் ஒன்றே. வினைமுற்றில் பால் காட்டாத ஆங்கிலத்தை இடையில் நிறுத்தினால் இந்த ஒப்புமையும் முரணும் ஒருங்கே மறைந்துவிடும். தொடக்கநிலைப் பாடத்தைத் தமிழ் விகுதிகளிலிருந்தே அமைத்தல் தகும்.