பர்மாப் பேரேடு

தேவகோட்டையில் ஒரு வளவு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் முதலில் தேக்குத் தூணுக்கு விலை பேசுவார்கள். பிறகு நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி. எல்லாம் காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளுக்குப் போய்ச் சேரும். கணக்குப் பேரேடுகள் மட்டும் எடைக்குப் போகும். அந்த வீட்டிலேயே விலைமதிப்பில்லாத பொருள் அதுதான் என்பது என் எண்ணம்.

முன்னோர் நமக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் திருக்குறளையும் பட்டினத்தாரையும் காட்டுவோம். சரிதான். ஆனால் கடல் தாண்டிப் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன நம் செட்டியார் தலைமுறை, படித்த அறத்தை எங்கே நடத்திக் காட்டியது, எங்கே தவறவிட்டது என்பதைப் பேரேடுதான் சொல்லும்.

பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் அந்தக் கணக்கில் சாமிக்கும் ஒரு பேர் உண்டு, பற்றுவரவு உண்டு. மகமை என்பது மீந்ததில் கொடுப்பதன்று. தொழில் நடக்கும்போதே ஒதுக்கி வைப்பது. கோயில் திருப்பணியும் பாடசாலையும் அதிலிருந்து எழுந்தன. முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கம் வரை பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் ஒன்றில் 320இல் ஒரு பங்கு! முதலாளி மகனே ஆனாலும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து தொழில் பழக வேண்டும். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். சாமி முன்னால் ஒத்துக்கொண்டதை மறுநாள் கடையில் மாற்றிப் பேசுவது எளிதன்று. இவ்வளவும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பக்கம்.

அடுத்த பக்கத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கிருந்த செட்டியார்களின் முதலீட்டை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். பெருமந்தம் வந்தது, நெல் விலை பாதியாக விழுந்தது. குடியானவனால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கை மாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 ஆயிற்று. நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர் அவர்கள். பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். வயலை இழந்த பர்மியனுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல்?

1942இல் ஜப்பான் படை வந்தபோது நம்மவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே திரும்பினார்கள். 1948இல் பர்மிய அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. 1963இல் வங்கிகளும் போயின. "விதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. வியாபாரிக்கு வள்ளுவர் வைத்த நிபந்தனை, பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேண வேண்டும் என்பது. ஐராவதி டெல்டாவின் வயலை, அதை உழுதவனுடைய பொருளாக எத்தனை பேர் பார்த்தோம்? எல்லா முதலையும் ஒரே நாட்டில், ஒரே பயிரின்மேல் போட்டது தொழில் பிழை. வயலை அப்படிப் பார்க்காதது அதைவிடப் பெரிய பிழை. முன்னோரை மதிக்கிறவர்கள்தாம் இதைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய நூல்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் அந்தச் சேகரிப்புதான். நாமும் வீட்டைப் பிரிப்பதற்கு முன் பரணிலிருந்து பேரேட்டு மூட்டையை இறக்கலாம். தமிழ் எண்ணில் எழுதிய கணக்கைப் படிக்கத் தெரிந்த ஐயாக்கள் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் படித்துக் காட்டட்டும். 1930ஆம் வருஷத்துப் பேரேட்டிலிருந்து தொடங்கலாம்.