முகவரியும் முதுமையும்: அமெரிக்கக் கொரிய முதியோர்

1965 குடிவரவுச் சட்டத்திற்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய கொரியர்களுள் பலர் இன்று முதியோர். அவர்களின் நோய்களுக்கு உணவையும் பழக்கத்தையும் காரணம் காட்டுவது எளிது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளை அறிந்த நாம் முதலில் முகவரியைக் கேட்கிறோம்.

லாஸ் ஏஞ்சலிஸ் கொரியாடவுனில் ஆங்கிலம் அறியாத மூதாட்டி நடந்தே மருத்துவரிடம் செல்லலாம்; தம் மொழியிலேயே வலியைச் சொல்லலாம். ஆனால் அது நகரின் மிக நெரிசலான பகுதிகளுள் ஒன்று; பூங்காக்கள் அரிது, வாடகையோ கடுமை. பிள்ளைகளோடு புறநகர் சென்றவருக்கு மரநிழல் கிடைக்கிறது. காரோட்டத் தெரியாவிட்டால் பகல் முழுவதும் வீட்டுச் சிறைதான்.

சட்டமும் நடுநிலை வகிக்கவில்லை. 1996 நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் குடியுரிமை பெறாத முதியோர் பலரை வருமான உதவியிலிருந்து விலக்கியது. 1997-இல் முன்பே பெற்றுவந்தோருக்கு அது மீண்டது; பின்னர் வந்தோருக்குக் கதவு பெரிதும் அடைபட்டது. தாமோ துணைவரோ போதிய ஆண்டுகள் வரி செலுத்தி உழைத்திராவிட்டால், 65 வயதைக் கடந்தவரும் நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் தொடர்ந்து 5 ஆண்டுகள் வாழ்ந்த பின்பே மெடிகேர் காப்பீட்டை, அதுவும் விலை கொடுத்து, பெற முடியும். பேரப்பிள்ளைகளை வளர்க்க வரவழைக்கப்பட்ட பாட்டியின் உழைப்பு இக்கணக்கில் சேராது.

அரசு நிதி பெறும் நிறுவனங்களில் மொழியுதவியை வலியுறுத்திய 2000-ஆம் ஆண்டு அதிபர் ஆணை 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. 1964 குடிமை உரிமைகள் சட்டம் எஞ்சியிருக்கிறது. எனினும், அதன் ஆறாம் பிரிவின் கீழ் உள்நோக்கம் கொண்ட பாகுபாட்டுக்கு மட்டுமே தனிநபர் வழக்குத் தொடுக்கலாம் என 2001-இல் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாத மருத்துவமனையின் உள்நோக்கத்தை அம்மூதாட்டி எவ்வாறு மெய்ப்பிப்பார்?