யார் கைப்பட்டு நூலாயிற்று?

அயல்நாட்டில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய நூல்களை ஆய்வுலகம் படிக்கும் முறையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எழுதியவரின் சாதி, வர்க்கம், சென்ற நாடு ஆகியவை துருவிக் கேட்கப்படுகின்றன. அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் யார் கைப்பட்டு நூலாயின என்ற கேள்வியோ அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. புணே நகரத்தோடு தொடர்புடைய சில நூல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இப்பழக்கத்தால் இழப்பது என்ன என்பது விளங்கும்.

ஆனந்திபாய் ஜோஷி 1883இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரி 26 அன்று, புணேயில் இறந்தார். வயது இருபத்தொன்று. அவருக்கு இடமளித்தவர் நியூ ஜெர்சி மாநிலத்து ரோசல் ஊரைச் சேர்ந்த தியோடீசியா கார்ப்பென்டர். பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரு சமய இதழில் கோபால்ராவ் ஜோஷியின் கடிதத்தைக் கண்டு எழுதத் தொடங்கியவர் அவர். ஆனந்திபாய் அவரை அத்தை முறை வைத்து அழைத்தார். இரத்த உறவு கடல் கடந்து நிற்கையில், கடிதத்தின் விளிச்சொல்லிலேயே இன்னொரு குடும்பம் உருவாகிவிட்டது.

இறப்பு நிகழ்ந்த மறு ஆண்டே, 1888இல், கரோலின் ஹீலி டால் எழுதிய வாழ்க்கை வரலாறு பாஸ்டனில் வெளிவந்தது. அந்நூலுக்கு அமெரிக்க வாசகர் வேண்டும். வாசகருக்கு ஒரு வீராங்கனை வேண்டும். கணவருக்கு மராத்தியில் எழுதப்பட்ட கடிதங்கள் டாலின் எட்டுக்கு அப்பாற்பட்டவை. அவை காஷிபாய் கானிட்கர் 1912இல் மராத்தியில் வெளியிட்ட வரலாற்றின் வழியாகவும், மிகப் பின்னர் சமூகவியலாளர் மீரா கோசாம்பியின் ஆய்வுகள் வழியாகவும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் ஒரு கடிதம் தனித்து நிற்கிறது. பத்து வயதில் மரத்துண்டால் அடிபட்டதையும், நாற்காலியும் புத்தகமும் தன்மீது வீசப்பட்டதையும், பன்னிரண்டு வயதில் கைவிட்டுவிடுவதாக மிரட்டப்பட்டதையும் ஆனந்திபாய் கணவருக்கே நினைவூட்டுகிறார். அவ்வாறு நடத்தியது நன்றா தீதா என்று கேட்டால் இரண்டும்தான் என்பதே தன் விடை என்கிறார். மனைவியைப் படிக்க வைத்த முற்போக்காளர் என்ற சித்திரத்துக்கும், மனைவியை வதைத்த கொடியவர் என்ற சித்திரத்துக்கும் இந்த விடை அடங்காது. அது கணவரிடம் மட்டுமே சொல்லத்தக்க விடை. கடல் இடையில் இருந்ததால்தான் அதை எழுதவும் முடிந்தது போலும்.

பண்டித ராமாபாயின் நிலை இதினும் சிக்கலானது. 1883இல் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகள் மனோரமாவுடன் இங்கிலாந்து சென்று வான்டேஜ் ஊரின் ஆங்கிலிக்கக் கன்னியர் மடத்தில் தங்கினார். 1886இல் அமெரிக்கா சென்றார். மகள் பின்னர் மீண்டும் கன்னியர் பொறுப்பில் விடப்பட்டாள். 1889இல் மராத்தியில் அவர் வெளியிட்ட அமெரிக்க நூல் அந்நாட்டின் ஆட்சி, கல்வி, மகளிர் இயக்கங்கள் எனப் பலவற்றையும் பேசுகிறது. மகளைப் பிரிந்திருந்த தாயைத் தேடி அதைத் திறப்பவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தத் தாய் இருப்பது கடிதங்களில். மகளுக்கு எந்தச் சமயக் கோட்பாட்டை, யார், எப்போது கற்பிப்பது என்பது குறித்துக் கன்னியரோடு அவர் கடுமையாக வாதிட்டார். அதே கடிதங்களில் சகோதரி ஜெரால்டினை 'ஆஜிபாய்', அதாவது பாட்டி, என்று விளித்தார்.

இக்கடிதங்களைத் திரட்டித் தொகுத்தவர் அந்த ஜெரால்டினேதான். வாதத்தில் ஒரு தரப்பாக இருந்தவரே தொகுப்பாளருமானார். ஏ. பி. ஷா பதிப்பிக்க மகாராஷ்டிர அரசின் இலக்கிய, பண்பாட்டு வாரியம் 1977இல் நூலாக வெளியிட்டது. மனோரமா 1921இலும் ராமாபாய் 1922இலும் மறைந்துவிட்டனர். பெண்ணிய வரலாற்றுக்கு இத்தொகுப்பு எவ்வளவு பயன்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இதிலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் ராமாபாயின் குரல் என்றே எழுதிச் செல்கின்றன. ஜெரால்டின் வரிசைப்படுத்திய ராமாபாய் என்று எழுதுவதே முறை.

கடிதம் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்கு உரியது, அதன் வாசகம் எழுதியவருக்கு உரியது என்று 1741இல் போப் எதிர் கர்ல் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்தது. இன்றும் பதிப்புரிமைச் சட்டங்கள் அந்த வழியில்தான் நிற்கின்றன. கடிதத்தில் பேசப்படுபவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. குடும்பக் கடிதங்களில் பேசப்படுபவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் விட்டுச் செல்லப்பட்டவர்களும்தாம். பாலி அறிஞர் தர்மானந்த கோசாம்பி 1899இல் மனைவி பாலாபாயையும் குழந்தையையும் கோவாவில் விட்டு வெளியேறியவர். பின்னர் புணே ஃபெர்குசன் கல்லூரியில் கற்பித்தார். 1918இல் மகள் மாணிக்கையும் மகன் தாமோதரையும் ஹார்வர்டுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய தன்வரலாறான 'நிவேதன்' 1924இல் வந்தது. பாலாபாய் எழுதிய நூல் என்று ஒன்று இல்லை. தன்வரலாற்றை ஆங்கிலத்தில் தந்தவர் பேத்தி மீரா கோசாம்பி. குடும்பத்தின் நினைவையும் சமூகவியலாளரின் பயிற்சியையும் ஒருங்கே உடையவர். இந்தச் சேர்க்கை அரிது.

தமிழாய்வாளர்களுக்கு அணுக்கமான சான்றும் புணேயிலேயே தொடங்குகிறது. ஏ. கே. ராமானுஜன் டெக்கன் கல்லூரியில் மொழியியல் பயின்றபின் அமெரிக்கா சென்றவர். மகன் கிருஷ்ணாவும் கியர்மோ ரோட்ரிகேஸும் பதிப்பித்த அவருடைய நாட்குறிப்பு 2019இல் வெளிவந்தது. மகன் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று ஐயுறுவோர் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ராமானுஜன் தாள்களோடு ஒப்பிட முடியும். குடும்பத்தினர் பதிப்பித்தல் குறையன்று. மூலம் பூட்டிக் கிடப்பதே குறை.

யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் பாரிசுக்கும், தஞ்சையிலிருந்து சிங்கப்பூருக்கும் போய்வந்த நீல நிற வான்கடிதங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் உள்ளன. நினைவு மலர் போடுவதற்காக அவற்றில் உருக்கமான பத்தை எடுத்துக்கொண்டு, பணத்தகராறும் மணமுறிவும் பேசும் பதினைந்தை எரித்துவிடும் வழக்கமும் உண்டு. பதிப்பு நடக்கட்டும், யார் தேர்ந்தார், எத்தனை விடப்பட்டன, மூலம் எங்கே உள்ளது என்ற மூன்று வரிகள் முன்னுரையில் இருக்கட்டும். உயிரோடிருப்பவர் மனம் புண்படும் என்றால் எரிப்பதற்குப் பதிலாக, முப்பது ஆண்டு திறக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தை அணுகிக் கேட்கலாம். முனைவர் பட்ட மேற்பார்வையாளர்களும் இத்தகைய நூல்களை எடுக்கும் மாணவரிடம் முதல் இயலாகப் பதிப்பு வரலாற்றைக் கேட்க வேண்டும். கோட்பாட்டு இயல் அதன்பின் வரட்டும்.